கம்பியின் நீளமாக இருந்த மின்தடை

பள்ளிப் பாடநூல்களில் மின்சாரப் பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கும். மின்னோட்டம் என்றால் என்ன என்று முதலில் சொல்வார்கள். அடுத்து மின்னழுத்த வேறுபாடு. இரண்டும் முடிந்த பிறகு ஓம் விதி வரும். கம்பியின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியர் ஓடினால் அது ஒரு ஓம். கணக்குப் போட இது வசதியான வரிசை, தவறும் இல்லை. ஆனால் இப்படிப் படித்து வருகிற பிள்ளையின் மனதில் மின்தடை ஒரு வகுத்தல் கணக்கின் ஈவாக மட்டுமே தங்கிவிடுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் மின்தடையும் கூடும்தானே என்று மாணவர் கேட்பது அதனால்தான். வாய்பாட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடந்த வரலாறோ நேர் எதிர்த் திசையில் போனது. மூன்று அளவுகளில் மனிதர் கைக்கு முதலில் பிடிபட்டது மின்தடை. வோல்ட், ஆம்பியர் என்ற பெயர்களே பிறக்காத காலத்தில் அதை அடியிலும் அங்குலத்திலும் அளந்தார்கள், பெட்டியில் வைத்து ஊர் விட்டு ஊர் அனுப்பினார்கள். அப்படி அனுப்ப முடிந்ததால்தான் ஓம் கண்ட உறவு உலகத்துக்குப் பொதுவான விதியாக ஊன்றியது என்பது என் வாதம்.

ஓமுக்கு முன்பே ஒருவர் இந்த உறவின் வாசலைத் தொட்டுவிட்டார். லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் 1781-இல் கண்ணாடிக் குழாய்களில் உப்புக் கரைசலை நிரப்பி, லெய்டன் ஜாடிகளில் சேர்த்த மின்னூட்டத்தை அவற்றின் வழியாகவும் தம் உடம்பின் வழியாகவும் பாயவிட்டார். மின்னோட்டத்தை அளக்க அன்று கருவி எதுவும் கிடையாது. கையில் உணரும் அதிர்ச்சிதான் அளவு. ஒரு அதிர்ச்சி இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்று எந்த உடம்பாலும் சொல்ல முடியாது. இரண்டும் சமமா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். ஆகவே அவர் குழாயில் மின்சாரம் கடக்கும் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு அதிர்ச்சிகளும் ஒன்றுபோலத் தோன்றும் இடத்தில் நிறுத்தி, நீளத்தை எழுதிக்கொண்டார். இவ்வளவு கரடுமுரடான வழியில் போயும், பாயும் மின்சாரம் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதை வெளியிடவில்லை. அவர் இறந்து ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, 1879-இல், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. கேவண்டிஷின் நோட்டில் எண்ணாக நிற்பது நீளம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டத்தை அவர் அளக்கவில்லை, சமப்படுத்தினார், அளந்தது தடையை.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் பவேரியாவின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமாகவே கணிதம் கற்றுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓம் 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளில் இறங்கினார். 1825-இல் வெளியிட்ட முதல் கட்டுரை பிசகிப்போனது. வோல்ட்டா வகை மின்கலத்தைத்தான் அவர் பயன்படுத்தினார். சுற்றை மூடியவுடன் அதன் விசை இறங்கத் தொடங்கும், ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூலமே மாறிவிடும். அந்த அளவீடுகளுக்கு அவர் ஒரு மடக்கை வாய்பாட்டைப் பொருத்தினார், அது நிலைக்கவில்லை. இதழாசிரியர் போகன்டார்ஃப் சொன்ன யோசனை காரியத்தை மாற்றியது: 1821-இல் சீபெக் கண்டிருந்த வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு சந்திப்புகளில் ஒன்று கொதிநீரில், மற்றது உருகும் பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வரை, பனி உருகும் வரை இரண்டின் வெப்பநிலையும் நகராது. அவை தரும் விசையும் நகராது. அடுப்பும் பனிக்கட்டியும் அசையாத மின்னழுத்தத்தைக் கொடுத்தன. பாதரசக் கிண்ணங்களில் முனையை நனைத்து எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்தார். மேலே தட்டையான தங்க இழையில் ஒரு காந்த ஊசி தொங்கியது. ஓட்டம் ஊசியைத் தள்ளும். அதைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவர இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ அதுவே ஓட்டத்தின் அளவு.

1826 ஜனவரி 8-ஆம் நாள் எடுத்த அளவுகளைப் பார்த்தால் அந்த மனிதரின் கைத்திறன் புரியும். கம்பிகளின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். முறுக்கு 2 அங்குலக் கம்பிக்கு 326¾, 4 அங்குலத்துக்கு 300¾, 18 அங்குலத்துக்கு 190¾, 130 அங்குலத்துக்கு 48½. நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும் என்று எதிர்பார்ப்பவருக்கு முதல் இரண்டு எண்களும் ஏமாற்றம் தரும். ஓம் கண்டது என்னவென்றால், ஒவ்வொரு நீளத்துடனும் 20¼ அங்குலத்தைக் கூட்டிக்கொண்டு, 7285 என்ற எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எட்டு முறுக்குகளும் ஏறக்குறைய அப்படியே வந்துவிடுகின்றன. 18 அங்குலத்துடன் 20¼ சேர்ந்தால் 38¼, வகுத்தால் 190½. அளந்தது 190¾. அந்த 20¼ என்ன? பிஸ்மத் வளையம், செம்புப் பட்டைகள், இணைப்புகள் என்று கம்பிக்கு வெளியே சுற்றில் இருந்த எல்லாவற்றின் தடையும் சேர்ந்தது, செம்புக் கம்பியின் அங்குலக் கணக்கில். பிறகு வெப்பநிலை வேறுபாட்டைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து மறுபடி அளந்தார். 7285 இருந்த இடத்தில் மிகச் சிறிய எண் வந்தது. 20¼ மாறாமல் நின்றது. மூலத்தின் விசை ஒரு எண்ணாகவும் சுற்றின் தடை இன்னொரு எண்ணாகவும் பிரிந்து நின்ற இடம் இது. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையவில்லை. மின்சுற்றுகளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சோதனைத்தாள் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதில் வோல்ட் இல்லை, ஆம்பியர் இல்லை. இழையின் முறுக்கும் கம்பியின் அங்குலமும்தான்.

1827-இல் பெர்லினில் அவருடைய நூல் வந்தது. கம்பி வழியே வெப்பம் பாய்வதற்கு ஃபூரியர் எழுதிய கணிதத்தை மின்சாரத்துக்குப் பொருத்திக் காட்டிய நூல். வரவேற்பு குளிர்ந்திருந்தது. ஓம் கொலோன் வேலையை விட்டார். 1833-இல் நியூரம்பர்க் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கும் வரை தகுதிக்கேற்ற பதவி இல்லை. இந்தப் புறக்கணிப்பை ஒரு மேதையை ஊர் அறியாத கதையாகவே எழுதி வந்திருக்கிறார்கள். தத்துவச் சார்புகளும் மனிதர்களின் பிடிவாதமும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெர்மனியிலேயே ஃபெக்னர் 1831-இல் விரிவான சோதனைகளால் ஓமை உறுதிப்படுத்தினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. இன்னொரு காரணம் எனக்கு வலுவாகப் படுகிறது. ஓமின் எண்கள் அவருடைய மேசையைத் தாண்டிப் போக முடியாதவை. அவருடைய ஊசி, அவருடைய இழை, அவர் வாங்கிய செம்பு. பாரிஸில் இன்னொருவர் தம் கம்பியை வைத்து அளந்தால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பொது அளவு கிடையாது. பூயே 1837-இல் பிரான்சில் தனியாகவே இதே உறவுக்கு வந்து சேர்ந்தார் என்பதும், பிரான்சில் அது நெடுநாள் அவர் பெயராலும் வழங்கியது என்பதும் இந்தத் தனித்தீவு நிலையின் அடையாளங்கள்.

தீவுகளை இணைத்தது தந்தி. அதன் தொடக்கத்திலேயே இந்த உறவு தெரியாமல் இருந்ததன் விலை தெரிந்தது. 1825-இல் பீட்டர் பார்லோ இங்கிலாந்தில் கம்பியை நீட்டிப் பார்த்து, 200 அடியிலேயே காந்த விளைவு பெரிதும் குறைவதைக் கண்டு, மின்தந்தி நடைமுறைக்கு ஒவ்வாது என்று முடிவு கட்டினார். கம்பி நீளும்போது மின்கலங்களையும் வரிசையாகச் சேர்த்து அழுத்தத்தை உயர்த்தினால், வாங்கும் முனையில் மெல்லிய கம்பியை நிறையச் சுற்றினால், தூரத்தை வெல்லலாம். ஜோசப் ஹென்றி அமெரிக்காவில் 1831 வாக்கில் சோதனையால் இதைக் கண்டார். ஓமின் உறவிலிருந்து இது நேராகவே வரும். சார்லஸ் வீட்ஸ்டன், தொழிலில் இறங்கி 1837-இல் குக்குடன் சேர்ந்து தந்திக்குக் காப்புரிமை வாங்கியவர். 1843-இல் ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த சொற்பொழிவு ஓமின் உறவை ஆங்கிலப் பொறியாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று பள்ளி ஆய்வகத்தில் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று நாம் கட்டுவதும் அதில் இருந்தது. அதைக் கண்டவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்று வீட்ஸ்டனே சொல்லியிருந்தும் பெயர் மாறி ஒட்டிக்கொண்டது. சமனச்சுற்றின் அழகு அது ஓட்டத்தை அளக்காமல் தடையை அளப்பது. தெரியாத கம்பி ஒரு பக்கம், தெரிந்த கம்பி மறுபக்கம். கால்வனாமீட்டரின் முள் அசையாமல் நின்றால் விகிதம் பொருந்திவிட்டது. மின்கலம் சற்று தளர்ந்தாலும் கவலை இல்லை, முள்ளின் பிரிவுகள் சரியாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டாம். கேவண்டிஷ் தம் கையால் செய்ததை இங்கே முள் செய்கிறது.

தெரிந்த கம்பி என்று ஒன்று வேண்டும் என்றவுடன் அளவுகோல் தேடும் வேலை தொடங்கியது. வீட்ஸ்டன் 100 கிரெயின் எடையுள்ள ஒரு அடிச் செம்புக் கம்பியை அலகாக வைத்தார். பீட்டர்ஸ்பர்க்கில் யாகோபி 1848-இல் 25 அடி நீளமும் 345 கிரெயின் எடையும் கொண்ட ஒரு செம்புக் கம்பியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, பிற நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கம்பிகளை அதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று சுற்றுக்கு விட்டார். ஒரு அளவு பார்சலில் பயணம் செய்தது. மின்னோட்டத்தை இப்படி அனுப்ப முடியாது, சுற்றைத் திறந்தால் அது இல்லை. அழுத்தத்தை மின்கலமாக அனுப்பலாம், ஆனால் வழியிலேயே வயதாகும். கம்பியின் தடை மட்டும், வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால், போன ஊரிலும் புறப்பட்ட ஊரின் எண்ணையே சொல்லும். செம்புக்குச் செம்பு தரம் மாறுவதால் வெர்னர் சீமன்ஸ் 1860-இல் பாதரசத்துக்குப் போனார்: ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு, பனி உருகும் வெப்பநிலை. சுத்தமான பாதரசம் கிடைக்கிற எந்த ஊரிலும் அதை மறுபடி ஆக்கிக்கொள்ளலாம்.

செம்பின் தரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கேபிள் காட்டியது. வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, 1857-இல் பல ஆலைகளின் செம்புக் கம்பிகளை ஒப்பிட்டு, ஒரே கனமுள்ள கம்பிகளுக்குள் கடத்துதிறன் பெரிதும் வேறுபடுவதைக் கண்டார். கண்ணுக்கு எல்லாம் ஒரே செம்பு. அதற்குள் கேபிளின் செய்முறை முடிவாகிவிட்டிருந்தது. 1858 ஆகஸ்டில் கடலில் இறங்கிய அந்தக் கேபிளில் கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்புதான் இருந்தது. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. நிறுவனத்தின் மின்துறைப் பொறுப்பில் இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் பெரிய தூண்டுசுருள்களால் மிக உயர்ந்த அழுத்தத்தைக் கேபிளில் செலுத்தினார். ஏற்கெனவே குறைபாடு இருந்த காப்புறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் பேச்சை நிறுத்தியது. அதன்பின் அமைந்த விசாரணைக் குழு 1861-இல் தந்த அறிக்கையில் அளவுகளும் சோதனை முறைகளும் பக்கம் பக்கமாக வந்தன. செம்பில் கலந்த துளி அசுத்தம்கூடத் தடையை எவ்வளவு ஏற்றுகிறது என்று மத்தீசன் ஆராய்ந்தார். கேபிளுக்கு வாங்கும் செம்பின் கடத்துதிறன் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை ஆனது. 1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிளில் கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்பு, அதுவும் சோதித்து எடுத்த செம்பு. அது பேசியது.

கேபிள்காரர்களுக்கு மின்தடை வெறும் தரக் குறியீடு மட்டுமல்ல, தூரத்தைக் காட்டும் கணக்கும் அதுவே. கடலடியில் எங்கோ காப்புறை கிழிந்து செம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த இடம் என்று தெரியாமல் கப்பல் எங்கே போகும்? அத்தகைய கேபிளில் கடல் மைலுக்குச் சுமார் 4 ஓம். கரையிலிருந்து அளந்தால் 600 ஓம் வந்தால், பழுது 150 கடல் மைலுக்கு அப்பால். ஆனால் கிழிசல் வழியே மின்சாரம் கடலுக்குள் இறங்கும் இடத்துக்கும் தனித் தடை உண்டு, அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எனவே இரண்டு கரையிலிருந்தும் முறைவைத்து அளப்பார்கள், ஒரு கரை அளக்கும்போது மறுகரை முனையைத் திறந்து வைத்திருக்கும். கேபிளின் முழுத் தடை 1,000 ஓம்; ஒரு கரையில் 700, மறுகரையில் 1,100 என்று வந்தால், இரண்டிலும் கிழிசலின் தடை ஒரே அளவாக ஒளிந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அது கழிந்துபோகும். மிஞ்சும் 400 ஓம் இரு பக்கக் கேபிள்களின் வித்தியாசம், அவற்றின் கூட்டுத்தொகை 1,000; எனவே முதல் கரையிலிருந்து 300 ஓம், அதாவது 75 கடல் மைல். நங்கூரக் கொக்கியுடன் கப்பல் அங்கே போகும். 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கேபிள் போய்ச் சேர்ந்தபோது, வங்காள விரிகுடாவும் இப்படி ஓம் கணக்கில் அளக்கப்படும் தூரமானது. 

1861-இல் லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் என்ற இரண்டு கேபிள் பொறியாளர்கள் மின் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். அவர்கள் திட்டத்தில் ஓமின் பெயர் அழுத்தத்துக்குப் போனது, வோல்ட்டாவின் பெயர் தடைக்குப் போனது. இன்றைக்குத் தலைகீழாகத் தெரியும் இந்தப் பெயர்சூட்டல், மூன்று அளவுகளும் அன்று எவ்வளவு புதியவை என்பதற்குச் சாட்சி. அதே ஆண்டு பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் ஒரு குழுவை அமர்த்தியது. அதன் முதல் வேலை மின்தடை அலகு. 1863-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மாக்ஸ்வெல், பால்ஃபர் ஸ்டூவர்ட், ஃப்ளீமிங் ஜென்கின் மூவரும் ஒரு செம்புச் சுருளைப் பூமியின் காந்தப்புலத்தில் சீராகச் சுழற்றி, நடுவில் தொங்கிய சிறு காந்தத்தின் விலகலைப் பார்த்து அலகை நிறுவினார்கள். 1865-இல் உலோகக் கலவைக் கம்பியில் செய்த நகல்கள் ஆய்வகங்களுக்கும் தந்தி நிறுவனங்களுக்கும் போயின. அந்த அலகு இலக்கை விட ஏறக்குறைய நூற்றுக்கு 1.3 பங்கு சிறியது என்று ராலே பிரபு 1880-களின் தொடக்கத்தில் கண்டார். ஆனாலும் அது எல்லோர் கையிலும் ஒரே பிழையாக இருந்தது, திருத்துவதும் எளிதாயிற்று. ஓமின் அளவைச் சீமன்ஸ் அலகுக்குப் பக்கத்தில் வருமாறும், வோல்ட்டின் அளவை அன்று புழக்கத்தில் இருந்த டேனியல் மின்கலத்தின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வருமாறும் தேர்ந்தார்கள். ஆம்பியர் அந்த இரண்டையும் வகுத்ததில் வந்தது. 1881 பாரிஸ் மாநாடு வரைக்கும் அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. மின்தடை முதலில் வந்தது என்றால், ஓமின் முறுக்குத் தராசும் பூயேயின் கால்வனாமீட்டரும் ஃபாரடே 1830-களில் பயன்படுத்திய மின்பகுப்புக் கலமும் எதை அளந்தன? ஓட்டத்தைத்தான். உண்மை. ஆனால் காந்த ஊசியின் விலகல் அந்தந்த இடத்துப் பூமிக் காந்தத்தைப் பொறுத்தது; கொலோனின் விலகலை லண்டனில் நேராக ஒப்பிட முடியாது. மின்பகுப்பு நம்பகமானது, ஆனால் அது ஓடி முடிந்த மொத்த மின்சாரத்தைச் சொல்லும். இந்தக் கணத்தில் எவ்வளவு என்பதற்கு நேரத்தைக் கொண்டு வகுக்க வேண்டும், ஓட்டமும் அதுவரை நிலையாக இருக்க வேண்டும். அளக்க வழியிருந்தது, கைமாற்ற வழியில்லை. இன்னொரு மறுப்பு தர்க்கம் சார்ந்தது: அழுத்தம், ஓட்டம் என்ற இரண்டும் இல்லாமல் மின்தடை என்ற சொல்லுக்கே பொருள் ஏது? பொருளை முழுமையாக விளக்க அவை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஓம் தம் நூலில் பேசிய மின்விசை நிலைமின்னியலின் மின்னழுத்தமேதான் என்பதைக் கிர்க்காஃப் 1849-இல்தான் தெளிவாக்கினார். ஆனால் ஒரு பொருளை இன்னொன்றுடன் சமன் பார்க்க முழு விளக்கம் தேவையில்லை. எடை என்றால் என்ன என்று நியூட்டன் சொல்வதற்கு முன் தராசுகள் இல்லையா?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இது விதியே அல்ல, சில உலோகங்களின் நடத்தை மட்டுமே என்பார்கள். டங்ஸ்டன் இழை பல்பின் தடை குளிர்ந்திருக்கும்போது, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். டையோடுக்கு நிலையான தடை என்று ஒன்றே கிடையாது. இந்த ஐயம் அன்றும் இருந்தது. 1874-இல் ஆர்தர் ஷுஸ்டர் தம் சோதனைகளில் உறவு பிசகுவதுபோல் கண்டார், அதற்காகவே பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு வைத்தது. 1876-இல் மாக்ஸ்வெல்லின் வழிகாட்டலில் கிறிஸ்டல் செய்த சோதனைகள், வெப்பத்தின் விளைவைத் தவிர்த்துப் பார்த்தால் உலோகத்தின் தடை ஓட்டத்தால் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட மாறவில்லை என்று காட்டின. ஓம் நூல் எழுதி ஐம்பது ஆண்டு கழித்துத்தான் இது தீர்ந்தது என்பதும், தீர்த்து வைத்தது ஒரு சமனச்சுற்று என்பதும் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஆம், அது உலோகத்தின், மாறாத வெப்பநிலையின் விதி. கடலடிக் கேபிள் அப்படிப்பட்ட இடத்தில்தான் கிடந்தது. பகல் இரவு என்ற பேதம் இல்லாத குளிர்ந்த தரையில் ஆயிரக்கணக்கான மைல் செம்பு. விகிதம் மாறாமல் நிற்பதுதான் விதி, வகுத்தால் ஒரு எண் வருவது விதியல்ல. இந்த வேறுபாட்டை வாய்பாட்டிலிருந்து தொடங்கும் மாணவரைவிட, ஒரே கம்பியை வெவ்வேறு மின்கலங்களில் இணைத்து அதே எண்ணைப் பார்க்கிற மாணவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

1893-இல் சிகாகோ மாநாடு ஓமை மீண்டும் பாதரசத்தில் எழுதியது: பனி உருகும் வெப்பநிலையில் 14.4521 கிராம் பாதரசம், சீரான குறுக்குப் பரப்பில் 106.3 சென்டிமீட்டர் நீளம். மடக்கை வாய்பாட்டில் தடுமாறிய கொலோன் ஆசிரியரின் பெயர் கடைசியில் ஒரு நீளத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பாதரசக் குழாய்கள் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1980-இல் கிளாவ்ஸ் ஃபான் கிளிட்சிங், மிகக் குளிர்ந்த குறைக்கடத்தி ஒன்றை வலுவான காந்தப்புலத்தில் வைத்தபோது, அதன் மின்தடை படிப்படியாகத் தாவி, எந்த மாதிரியை எடுத்தாலும் ஒரே மதிப்புகளில் நிற்பதைக் கண்டார். 25,812.807 ஓம் என்ற மதிப்பும் அதன் முழுஎண் பின்னங்களும். 1990 முதல் நாடுகளின் அளவியல் ஆய்வகங்கள் ஓமை இதிலிருந்தே எடுக்கின்றன. வோல்ட்டை ஜோசப்சன் சந்திப்பு என்ற மீகடத்திக் கருவியிலிருந்து எடுக்கின்றன. 2019-இல் ஆம்பியருக்கு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்துப் புது வரையறை வந்துவிட்டது. ஆனாலும் மிகத் துல்லியமான ஒரு ஆம்பியர் வேண்டும் என்றால் ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது, அந்த வோல்ட்டை அந்த ஓமால் வகுப்பதுதான்.